நாற்பத்தெட்டைத் திறந்து வைத்த நாட்கள்

தை மாதக் கடைசியில் ஒரு காலை, குப்பைமேட்டில் மெட்டல் டிடெக்டர் ஓட்டிக்கொண்டிருந்த சீனிராஜின் காதில், வழக்கமான கீச்சொலிக்குப் பதிலாக ஒரு பெண் குரல், "இனிமே இது எதுக்கு" என்று சொன்னது. அவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சுற்றிலும் பார்த்தார். இரண்டு மாடுகளும் ஒரு கொக்கும் மட்டுமே நின்றன. டிடெக்டரின் தட்டை அதே இடத்தின் மேல் மறுபடியும் கொண்டுபோனார், குரல் அதே அலுப்போடு அதையே சொன்னது. தோண்டினார், ஒரு முழ ஆழத்தில் பிடி உடைந்த அலுமினியக் கரண்டி ஒன்று கிடைத்தது. கரண்டியைச் சாக்கில் போட்டுவிட்டு அடுத்த அடி எடுத்து வைத்தார், மதியத்துக்குள் இன்னும் மூன்று பாத்தி முடிக்க வேண்டியிருந்தது.

அச்சுக்கூடங்களால் பிழைக்கும் எங்கள் ஊர் முப்பது வருடங்களாகக் கொட்டிய குப்பை அது. நாட்காட்டிக் கழிவும் கல்யாணப் பத்திரிகைக் கழிவும் வீட்டுக் குப்பையும் சேர்ந்து மேடாகி, மேட்டின் மேல் வேலிக்கருவை முளைத்து, கருவையின் மேல் மறுபடியும் குப்பை விழுந்து, ரயிலில் வருகிறவர்கள் ஊரை அடையாளம் கண்டு பெட்டியை இறக்கத் தொடங்குவதே அந்த மேட்டைப் பார்த்துத்தான் என்றாகிவிட்ட பிறகு, மண்ணையும் பிளாஸ்டிக்கையும் பிரித்தெடுக்க ஒரு பெரிய சல்லடை மிஷினைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நாட்காட்டிகளின் தலையில் அடிக்கிற தகரப் பட்டிகள் லட்சக்கணக்கில் உள்ளே கிடந்து மிஷினின் பெல்ட்டைக் கிழித்ததால், இரும்பை முன்கூட்டியே எடுத்துவிட மெட்டல் டிடெக்டர் ஒன்றை வாங்கி, ஒரு காலத்தில் அதே தகரப் பட்டிகளை நாட்காட்டிகளுக்கு அடித்துக்கொண்டிருந்த சீனிராஜிடம் கொடுத்தார்கள். தான் அடித்ததைத் தானே பிடுங்குவதில் அவருக்கு வருத்தமோ சிரிப்போ இல்லை. இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் முதுகு வலித்தது.

குப்பையில் டிடெக்டர் ஓட்டுவது ஆற்று மணலில் ஓட்டுவது போல இல்லை என்பதை அவர் முதல் வாரத்திலேயே தெரிந்துகொண்டார். அதன் காதை முழுக்கத் திறந்து வைத்தால் சந்தைக்கடை. ஆகவே உணர்திறனைப் பாதி அளவுக்கும் கீழே இறக்கினார். பெரிய தட்டைக் கழற்றிவிட்டு உள்ளங்கை அகலச் சின்னத் தட்டை மாட்டினார். ஓர் இடத்தில் சத்தம் வந்தால் தெற்கு வடக்காக ஒரு தடவையும் கிழக்கு மேற்காக ஒரு தடவையும் வீசிப் பார்த்து, இரண்டு பக்கமும் ஒரே சத்தம் வந்தால் மட்டும் தோண்டினார். திரையில் எண் வரும். முப்பதுக்குக் கீழே இரும்பு, எழுபதுக்கு மேலே பித்தளை, செம்பு. நடுவில் நாற்பத்தெட்டின் பக்கம் வருவது மாத்திரை அட்டையின் மெல்லிய தகடு. வேண்டாத எண்ணை அடைத்துவிடலாம், அடைத்தால் மிஷின் அதன் மேல் செவிடாகிவிடும். ஆனால் மெல்லிய தங்க மோதிரத்துக்கும் மாத்திரை அட்டைக்கும் அந்த மிஷினில் ஒரே எண்தான். ஒன்றை அடைத்தால் மற்றதும் போகும். யாரும் தங்கம் தேடி அந்த மேட்டுக்கு வரவில்லை என்பதால் அது அப்போது ஒரு பிரச்சினையாக இல்லை.

குரல் கேட்டதை மேஸ்திரி லிங்குசாமியிடம் சொன்னபோது அவர், "அதனால பெல்ட்டு கிழியுமா?" என்று கேட்டார். கிழியாது என்றார் சீனிராஜ். "அப்ப ஓட்டு."

ஒரு பொருள் கையை விட்டுப் போகிற கணத்தில் பக்கத்தில் என்ன பேச்சு நடந்ததோ அந்தப் பேச்சு அந்தப் பொருளில் தங்கியிருந்தது, உலோகமாக இருந்தால். துணியும் காய்கறித் தொலியும் காகிதமும் எதையும் சொல்லவில்லை. தகரப் பட்டிகள் ஒவ்வொரு ஜனவரியிலும் சொல்லப்பட்ட, "போய்ச்சேரு" என்பதைச் சொல்லின. பட்டறை இரும்புகள் கெட்ட வார்த்தை சொல்லின. மாத்திரை அட்டைகள், "இதோட முடிஞ்சுதா?" என்றும், "நாளைக்கு வாங்கிக்கலாம்" என்றும், "டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டார்ல" என்றும் சொல்லின. ஒருநாள் தூக்குச்சட்டி மூடியொன்றைத் தோண்டி எடுத்த சீனிராஜ், "சை, மூடிதானா" என்று அதைத் திரும்பக் குழியிலேயே எறிந்தார். மறுநாள் அந்த இடத்தில் தட்டு போனபோது மூடி, முன்பு சொன்னதை மறந்துவிட்டு, அவருடைய குரலிலேயே, "சை, மூடிதானா" என்றது. கடைசியாக விட்டெறிந்தவர் பேச்சுதான் நிற்கும் என்று அப்போது தெரிந்தது. அதிலிருந்து அவர் வாயை மூடிக்கொண்டு எறிந்தார்.

ஊர் இதைப் பழகிக்கொள்ள ஒன்றரை மாதம் எடுத்துக்கொண்டது. முதலில் ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா பார்க்க வந்தார்கள், மேட்டின் அடியில் ஒரு டீக்கடை முளைத்தது. பம்பு மெக்கானிக்கின் மனைவி, செத்துப்போன கணவர் தூக்கியெறிந்த சவரக்கத்தி ஒன்று, "தண்ணி சுட்டாச்சா" என்று கேட்பதைக் கேட்டுவிட்டு, தினமும் பதினொரு மணிக்கு வந்து ஒரு தடவை கேட்டு, "சுட்டாச்சு" என்று பதில் சொல்லிவிட்டுப் போனார். பிறகு சண்டைகள் வந்தன. ஒரு மாமியார் மருமகளின் சீதனக் குத்துவிளக்கைப் பற்றிச் சொன்னது வெளியே வந்தது, ஓர் அண்ணன் தம்பியின் ஊன்றுகோலைப் பற்றிச் சொன்னது வந்தது. பிறகு சண்டையும் அலுத்துப்போய் ஊர் அடங்கியது, அடங்கிய ஊர் ஒரு வழக்கத்தைக் கண்டுபிடித்தது. உலோகம் எதையும் போடும்போது வாயைத் திறப்பதில்லை. மாத்திரை அட்டை, பிளேடு, பேனா முள், உடைந்த கொண்டை ஊசி எல்லாவற்றையும் தனிப் பையில் சேர்த்து, உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு போட்டார்கள். தொலி வாளியையோ பேசிக்கொண்டே கொடுத்தார்கள், தொலிக்குக் காது கிடையாது. குப்பையைப் பிரித்துப் போடுங்கள் என்று பத்து வருடங்களாகச் சுவரெல்லாம் எழுதியும் நடக்காத காரியம் ஒரே பங்குனிக்குள் நடந்துவிட்டது. பெண் பார்க்கப் போகிறவர்கள், "அது சத்தமில்லாமக் குப்பை போடுற வீடு" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். பழைய குப்பை மட்டும் அடியில் பேசிக்கொண்டே இருந்தது, அதுவும் தொந்தரவுதான் என்று வார்டு உறுப்பினர் சொல்லி அனுப்பினார், "நோயாளிங்க பேச்சை அடைச்சு வைங்கப்பா, கேக்கவே ஒரு மாதிரியா இருக்கு." லிங்குசாமி நாற்பதிலிருந்து அறுபதுவரை அடைக்கச் சொன்னார். சீனிராஜ் அடைத்தார். அன்று அவர் பல வாரங்களுக்குப் பிறகு மதியச் சோற்றை ருசித்துச் சாப்பிட்டார்.

அடைத்த எட்டாம் நாள் குருவம்மா மேட்டுக்கு வந்தார்.

குருவம்மா பன்னிரண்டாம் வார்டில் பதினோரு வருடங்களாகத் தள்ளுவண்டியில் குப்பை எடுப்பவர். அந்த வார்டில் அச்சுக்கூட முதலாளி கதிரேசனின் மனைவி ஜெயசௌந்தரியின் மோதிரம் காணாமல் போயிருந்தது. செவ்வாய்க்கிழமை முறுக்கு மாவு பிசைவதற்காகக் கழற்றிப் பின்கட்டு ஜன்னலில் வைத்ததாகவும், குப்பைக்காரி வந்துபோன பிறகு காணவில்லை என்றும் ஜெயசௌந்தரி கணவரிடம் சொல்லியிருந்தார். கணவர் தெருவிடம் சொல்லியிருந்தார். சண்டை முடிந்த ஒவ்வொரு தடவையும் அவர் மனைவிக்கு ஒரு நகை வாங்கித் தருவார் என்பதும் அந்த மோதிரம் அப்படி வந்த ஆறாவது நகை என்பதும் தெருவுக்குத் தெரியும், ஆனால் அதைப் பற்றித் தெரு பேசவில்லை. குருவம்மாவைப் பற்றித்தான் பேசியது.

"நான் எடுத்திருப்பேன்னு நினைக்கிறியா அண்ணே?" என்று குருவம்மா லிங்குசாமியிடம் கேட்டிருந்தார்.

"நான் நினைக்கிறது பேச்சில்ல குருவம்மா. தெரு நினைக்குது. மாசக் கடைசியில வேலையாளுங்க பேர்ப் பட்டியலைப் புதுசா எழுதி அனுப்பணும். அதுக்குள்ள மோதிரம் வரலைன்னா உன் பேரை எப்படி எழுதுவேன்? அவங்க போலீசுக்குப் போகாம இருக்கிறதே பெரிசு."

மாதக் கடைசிக்கு இன்னும் பதினாறு நாட்கள் இருந்தன. குருவம்மா மேட்டின் வடகிழக்கு மூலையைச் சீனிராஜுக்குக் காட்டினார். பன்னிரண்டாம் வார்டின் செவ்வாய்க்கிழமை வண்டிகள் கொட்டுகிற இடம், இருபது தப்படிக்கு இருபது தப்படி.

"இங்கதான் தம்பி இருக்கணும். மாவோட மாவா ஒட்டித் தொலி வாளியில விழுந்திருக்கும், அந்தம்மா கவனிச்சிருக்க மாட்டாங்க."

"அக்கா, நாப்பத்தெட்டை அடைச்சு வச்சிருக்கு. தங்கம் அதுக்குள்ளதான் வரும்."

"திற."

"திறந்தா மாத்திரை அட்டையெல்லாம் பேசும். ஊர்ச் சீக்கு மொத்தமும் காதுல விழும். ஒரு நாள் கேட்டுப் பாரு, ராத்திரி சோறு இறங்காது."

"எனக்கு இப்பவே இறங்கல. திற."

அவர் திறந்தார். தன் வேலை முடிந்த பிறகு தினமும் மூன்றிலிருந்து ஐந்தரைவரை என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். மிஷினில் இன்னொரு ஹெட்போன் மாட்ட இடம் இருந்தது, குருவம்மா அதை மாட்டிக்கொண்டார், முக்காட்டை அதன் மேல் போட்டுக்கொண்டார். திட்டம் எளிமையானது. தவறி விழுந்த மோதிரம் தொலி வாளியில் போயிருக்கும், தொலி வாளியைக் கொடுக்கும்போது ஜெயசௌந்தரி எப்போதும் பேசிக்கொண்டேதான் கொடுப்பார், ஆகவே அந்தக் குரல் எங்கே கேட்கிறதோ அங்கே தோண்ட வேண்டும். ஊமையாக வருகிற சத்தங்கள் வாயை மூடிக்கொண்டு தெரிந்தே போட்ட அட்டைகள், அவற்றைத் தாண்டிப் போய்விட வேண்டும். அந்தக் குரல் குருவம்மாவுக்குப் பதினோரு வருடப் பழக்கம். அதை ஹெட்போனில் பிடித்து, தெருவையே கூட்டிவந்து, ஒவ்வொருவர் காதிலும் மாட்டிக் கேட்க வைப்பதாக அவர் மனதுக்குள் ஏற்பாடு செய்து வைத்திருந்தார், முதலில் யார், அடுத்து யார் என்பது உட்பட.

தட்டு போனது, வந்தது. தெற்கு வடக்கு, கிழக்கு மேற்கு. மேலே சமீபத்துக் குப்பை ஊமையாகக் கிடந்தது, அதற்கு அடியிலிருந்து பழைய மாத்திரை அட்டைகள் பேசின. "ரெண்டு போட்டுக்கோ, தூக்கம் வரும்." "அப்பாவுக்குக் கொடுத்தாச்சா?" "கொடுத்தேன், துப்பிட்டாரு." "இனிமே வேணாம்னு அவளே சொல்லிட்டா." "சுகர் எவ்வளவு?" "ஏன் கேக்கிற." அச்சுக்கூடத்துத் தங்கநிறத் தகட்டுக் கழிவுகள், "நூத்திப் பத்து, நூத்திப் பதினொண்ணு, நூத்திப் பன்னெண்டு" என்று எண்ணிக்கொண்டேயிருந்தன. மூன்றாம் நாள் குருவம்மா ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"என்னக்கா?"

"என் வீட்டுக்காரர் குரல் தம்பி. அஞ்சு வருசத்துக்கு முந்தின அட்டை. 'அவகிட்ட சொல்லாத'ங்கிறாரு."

"என்னத்தைச் சொல்லாத?"

"அதைச் சொல்லலையே."

"தோண்டவா?"

"வேணாம். போ, அந்தப் பக்கம் போ."

ஏழாம் நாள் லிங்குசாமி வந்து பார்த்துவிட்டு, "ஒரு குரலும் கிடைக்கலையா? அந்தம்மா ஒரு நாளைக்கு நாலு பேர் பேச்சைப் பேசுமே" என்றார். "காதை இன்னும் கூட்டி வைப்பா சீனி."

"கூட்டினா எல்லாரும் சேர்ந்து கத்துவாங்கண்ணே. குறைக்கத்தான் செய்யணும். குப்பைக்குள்ள கொஞ்சமாக் கேட்டாத்தான் ஏதாவது கேக்கும்."

"எனக்கென்ன, பெல்ட்டு கிழியாம இருந்தாச் சரி."

பதினோராம் நாள் இருபது தப்படியும் முடிந்துவிட்டது. ஜெயசௌந்தரியின் குரல் மூன்று இடங்களில் கிடைத்தது. மூன்றும் வாய்மூடும் வழக்கம் பிறப்பதற்கு முந்தையவை, கரண்டிக் காம்பு ஒன்று, தைலப்புட்டி மூடிகள் இரண்டு. சீனிராஜின் கழுத்து ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டிருந்தது. இருவரும் டீக்கடைப் பலகையில் உட்கார்ந்தார்கள், டீ வந்தது, குடித்தார்கள்.

"அக்கா, கோவிச்சுக்காத. அன்னைக்கு அந்தம்மா வாளியைக் கொடுக்கும்போது என்ன பேசுச்சுன்னு சரியா ஞாபகப்படுத்திச் சொல்லு. அந்தப் பேச்சை மட்டும் தேடலாம்."

குருவம்மா டீக்கிளாசைப் பார்த்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை ஜெயசௌந்தரி முருங்கைக்காயைப் பற்றிப் பேசினார். புதன்கிழமை மோதிரத்தைப் பற்றிக் கத்தினார். செவ்வாய்க்கிழமை, கேட்டுக்குள் நின்று வாளியை நீட்டிய கை ஞாபகம் இருந்தது, கையில் காய்ந்த மாவு ஞாபகம் இருந்தது, முகம் ஞாபகம் இருந்தது.

"பேசல" என்றார்.

"என்னது?"

"அன்னைக்கு ஒண்ணுமே பேசல தம்பி. உதட்டை மடிச்சுக்கிட்டு நின்னாங்க. சண்டை போட்ட அலுப்புன்னு நினைச்சு நானும் பேச்சுக் கொடுக்கல." கிளாசைக் கீழே வைத்தார். "தொலி வாளிதான அது. தொலிக்கு யாரு வாயை மூடுவா?"

இரண்டு பேரும் பதினோரு நாட்களாகத் தாண்டித் தாண்டிப் போன ஊமைச் சத்தங்கள் எத்தனை என்று சீனிராஜ் யோசித்தார், யோசித்ததும் கழுத்து இன்னும் வலித்தது.

மறுநாளிலிருந்து பேசுகிறவற்றை விட்டுவிட்டு ஊமைகளைத் தோண்டினார்கள். நாற்பத்தெட்டு காட்டி, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வந்து, ஒரு வார்த்தையும் சொல்லாத ஒவ்வோர் இடமும். அட்டை, அட்டை, அட்டை, தைலப்புட்டி மூடியின் சுருள், மறுபடியும் அட்டை. பதினாலாம் நாள் நாலரை மணிக்கு, கல்லாகிப்போன முறுக்கு மாவு உருண்டை ஒன்று மண்வெட்டியில் பட்டு இரண்டாகப் பிளந்தது. மோதிரம் உள்ளே, உருண்டையின் சரியான நடுவில் இருந்தது. தவறி ஒட்டிய மாவு அப்படி இருக்காது. அது உள்ளே வைத்து உருட்டிய மாவு.

சீனிராஜ் தட்டை அதன் மேல் பிடித்தார். நாற்பத்தெட்டு. இருவர் காதிலும், அடைத்த கதவுக்குப் பின்னால் யாரோ நிற்பது போல, ஒரு வார்த்தையும் இல்லை.

"கிடைச்சிருச்சேக்கா" என்றார் அவர்.

"என்ன கிடைச்சிருச்சு? இதை யாருக்குக் கேக்க வைக்க?" என்றார் குருவம்மா. "திருடினவ பயந்து கொண்டாந்துட்டாம்பாங்க."

சீனிராஜுக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஆனாலும் குருவம்மா மோதிரத்தை முந்தானையில் முடிந்துகொண்டு மறுநாள் காலை பன்னிரண்டாம் வார்டுக்குப் போனார். வண்டி இல்லாமல், விசில் இல்லாமல், தெருவின் நடுவில் நடந்து போனார். எதிர்வீட்டுக்காரி கோலத்தை விட்டு நிமிர்ந்து, "எங்க வந்தே?" என்றாள். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. ஜெயசௌந்தரி கேட்டுக்கு வந்தார், கையில் தொலி வாளி இருந்தது, குருவம்மாவுக்குப் பதிலாகப் போட்ட புது ஆள் வரும் நேரம் அது.

குருவம்மா முடிச்சை அவிழ்த்து உள்ளங்கையை நீட்டினார்.

"உருட்டி வச்ச மாவுக்குள்ள இருந்துச்சும்மா. மிஷின் வச்சுப் பார்த்தோம். அது ஒரு வார்த்தை பேசல."

ஜெயசௌந்தரி மோதிரத்தைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை என்பதற்கு அந்த ஊரில் என்ன அர்த்தம் என்பது அவருக்கும் தெரியும், எதிர்வீட்டுக்காரிக்கும் தெரியும், ஜன்னலுக்கும் தெரியும். உள்ளே கதிரேசன் தொலைபேசியில் யாரிடமோ காகித லோடு பற்றிச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"ஏன் கொண்டு வந்தே?" என்றார் ஜெயசௌந்தரி மெல்ல. "அங்கயே கிடந்தா என்ன?"

"என் பேரு இருக்குல்லம்மா."

ஜெயசௌந்தரி மோதிரத்தை எடுத்தார். விரலில் போடவில்லை. வாளியைக் கீழே வைத்து, வாளிக்கு நேராக மோதிரத்தைப் பிடித்துக்கொண்டு, தெருவில் மீன்காரனைக் கூப்பிடுகிற குரலில் சொன்னார்: "இதைப் போட்டது நான். குருவம்மா எடுக்கல." தொலைபேசிப் பேச்சு நின்றது. விரல்களைத் திறக்கும்போது, அதே மூச்சில், ஆனால் தனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "எனக்கு வேண்டாம்" என்றார். மோதிரம் கத்தரிக்காய்க் காம்புகளுக்குள் விழுந்தது. வாளியை எடுத்துக் குருவம்மாவிடம் நீட்டினார்.

"கொண்டு போ."

குருவம்மா வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு மேடுவரை நடந்தே போனார். வாயைத் திறந்தால் தன் பேச்சு அதன் மேல் படிந்துவிடுமோ என்ற பயத்தில் வழியில் விசாரித்தவர்களுக்குத் தலையை மட்டும் ஆட்டினார். மேட்டில் உதட்டை மடித்துக்கொண்டு வாளியைக் கவிழ்த்தார். அவர் கையிலிருந்து போனது வாளித் தொலிதான் என்பதாலோ என்னவோ, மோதிரம் தன் பேச்சை விடவில்லை. லிங்குசாமி ஹெட்போனை மாட்டிக்கொண்டு மூன்று தடவை கேட்டார். கேட்டுவிட்டுச் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, பட்டியலில் குருவம்மாவின் பெயரை எழுதினார். எழுத்து நன்றாக வரவில்லை என்று மேலேயே இன்னொரு தடவை எழுதினார்.

அன்று சாயங்காலம் கதிரேசன் காரில் வந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. சீனிராஜ் ஹெட்போனைத் துடைத்துக் கொடுத்தார். அவர் கேட்டார். கடைசி இரண்டு வார்த்தைகள் மெதுவாக வருவதால் மறுபடியும் கேட்டார்.

"தங்கம் சார், எடுத்துட்டுப் போயிருங்க" என்றார் சீனிராஜ்.

"எடுத்துட்டுப் போனா?"

"அப்பவும் சொல்லும் சார். மிஷின் வச்சா."

கதிரேசன் ஹெட்போனைக் கையில் வைத்துக்கொண்டு மேட்டைப் பார்த்தார், அவருடைய அச்சுக்கூடத்தின் தகட்டுக் கழிவு வெயிலில் ஒரு பக்கம் முழுக்க மினுங்கிக்கொண்டிருந்தது.

"இதை அடைக்க முடியுமா?"

"நாப்பத்தெட்டை அடைச்சாப் போதும். ஆனா ஊர்ல தொலைஞ்ச தங்கம் எல்லாமே அதோட போயிரும் சார்."

"அடைச்சிருங்க."

சீனிராஜ் பொத்தானை அழுத்தினார். தட்டை மோதிரத்தின் மேல் ஒரு தடவை வீசிக் காட்டினார், சுத்தமாக எதுவும் வரவில்லை. கார் போனது. பதினைந்து நாட்களுக்குப் பிறகு காதில் வெறும் இரும்பு மட்டும் கேட்டது, இரும்பு வழக்கம்போலக் கெட்ட வார்த்தை சொன்னது. சீனிராஜுக்கு அது ஆறுதலாக இருந்தது.

திங்கட்கிழமை குருவம்மா விசிலோடு பன்னிரண்டாம் வார்டுக்குள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். வீடுகள் உதட்டை மடித்து உலோகப் பையைக் கொடுத்தன, வாயைத் திறந்து தொலி வாளியைக் கொடுத்தன. ஜெயசௌந்தரி கேட்டுக்கு வந்தார், விரல்கள் வெறுமையாக இருந்தன, இடது கன்னத்தில் பவுடர் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. வாளியை நீட்டிக்கொண்டே முருங்கைக்காய் முற்றல் என்றார், பால்காரன் தண்ணீர் ஊற்றுகிறான் என்றார், வெயில் இந்த வருடம் முன்னாலேயே வந்துவிட்டது என்றார், பெரியவளுக்குப் பரீட்சை என்றார், நிறுத்தாமல், மூச்சு வாங்காமல் சொல்லிக்கொண்டே இருந்தார், வாளி இருவர் கையிலும் இருந்தது. குருவம்மாவுக்கு இன்னும் நாற்பது வீடு பாக்கி. தோள் வலித்தது. ஆனாலும் பேச்சு முடியும்வரை வாளியைத் தன் பக்கம் இழுக்காமல் நின்றார்.